சுந்தரபாண்டியபுரத்து வானம்

ஜூலை 20

நேற்றுச் சாயங்காலம் தென்காசிப் பக்கம் சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயலில் எடுத்த படங்களைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். சூரியகாந்தியின் விதை வட்டம்கூடத் தெளிவாக வந்திருக்கிறது. வானம்தான் வெள்ளைத்தாள். அங்கே நின்றபோது மேற்கு மலைமேல் மேகம் அடுக்கடுக்காகக் கிடந்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். படத்தில் மலையே பாதி அழிந்துபோயிருக்கிறது.

தப்பு என்னுடையது. நிழலில் இருந்த பூவுக்கு வெளிச்சம் அளந்தேன். அதன் பின்னால் வெயில் இறங்கும் வானம் எத்தனை மடங்கு பிரகாசம் என்று யோசிக்கவில்லை. கண் மேகத்தைப் பார்க்கும்போது ஒரு மாதிரியும் வயலைப் பார்க்கும்போது ஒரு மாதிரியும் பழகிக்கொள்ளும்; கேமராவுக்கு ஒரு க்ளிக்குக்கு ஒரே அளவுதான். போதாக்குறைக்கு, போன வாரம் ஒரு காதுகுத்துக்காக ஜேபெக்கில் வைத்ததை, எல்லா விவரத்தையும் சேமிக்கும் ரா (RAW) கோப்புக்கு மாற்றவே இல்லை. மென்பொருளில் வெளிச்சத்தை இறக்க இறக்க வெள்ளை சாம்பலாகிறதே தவிர மேகம் வரவில்லை. இருட்டுக்குள் ஒளிந்திருப்பதைக் கொஞ்சம் கிளறி எடுக்கலாம். வெந்துபோன வெள்ளையில் எடுக்க ஒன்றும் இருக்காது.

ஜூலை 22

காலை ஏழு மணிக்கே வயலில். நன்றாக மலர்ந்த சூரியகாந்தி சூரியன் பின்னாலேயே சுற்றும் என்பது பாடப்புத்தகக் கற்பனை. இளஞ்செடிதான் அப்படித் திரும்பும். மலர்ந்து முற்றியபின் கிழக்கே பார்த்தபடி நின்றுவிடும். எனவே கிழக்கு வரப்பில் நின்று மேற்கே பார்த்தால் முகம் முகமாகப் பூ, அதற்குப் பின்னால் மலை, மலைமேல் மேகம். என் முதுகில் விழும் வெயில்தான் மேகத்தின் மேலும் விழுகிறது. இரண்டுக்கும் வெளிச்சம் அதிகம் வித்தியாசப்படவில்லை. முந்தாநாள் எத்தனை சர்க்கஸ் பண்ணினாலும் கிடைக்காதது, நேரத்தை மாற்றியதும் பாதி கிடைத்துவிட்டது.

மீதிப் பாதிக்கு, கேமரா சொன்னதைவிட முக்கால் ஸ்டாப் வெளிச்சம் குறைத்தேன். வெளுத்துப்போனால் திரையில் மேக விளிம்பு கறுப்பும் வெள்ளையுமாக மின்னி எச்சரிக்கும்; அந்த மின்னல் நிற்கும்வரை குறைப்பது என் கணக்கு. வயல் சற்று இருண்டு தெரியும். ராவில் அதைத் தூக்கிக்கொள்ளலாம்.

ஆசைப்பட்டு வாங்கிய போலரைசர் ஃபில்டரை மாட்டித் திருகு திருகென்று திருகினேன். வானத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சூரியனுக்கு நேர் எதிரே பார்த்தால் அது வேலை செய்யாது என்று தெரிந்தும் திருகினேன், அது வேறு. வடக்குப் பக்கம் திரும்பியதும் நீலம் சடாரென்று ஆழமானது. பஞ்சுப் பொதி மேகம் வானத்திலிருந்து பிரிந்து முன்னால் வந்து நின்றது. பக்கவாட்டில் நீட்டிய கை சூரியனைக் காட்டினால் மூக்கு பார்க்கும் திசையில்தான் அதற்கு முழு பலம். ஆனால் அகல லென்ஸில் வானத்தின் நடுவே மட்டும் மை கொட்டினாற்போல் ஒரு திட்டு விழுந்தது. கழற்றிப் பையில் போட்டேன். ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தையும் அது தின்றுவிடும். இந்த ஆடிக் காற்றில் பூ ஆடுகிற ஆட்டத்துக்குக் கட்டாது.

வயல்கார அண்ணாச்சி வந்தார். “வரப்புலயே நின்னு எடுங்க தம்பி. செடிய மிதிச்சிராதீங்க.” ஏற்கெனவே ஓரத்து வரிசை முழுக்கச் செல்ஃபிக்காரர்கள் மிதித்துச் சாய்த்திருந்தார்கள்.

ஜூலை 23

மப்பும் மந்தாரமும். வானம் முழுக்க ஒரே சுண்ணாம்பு. இந்த வானத்தைப் படத்தில் சேர்ப்பது வீண். லென்ஸை இறக்கி, அடிவானமே தெரியாமல், பூவையும் தேனீயையும் மட்டும் எடுத்தேன். களை பறித்துக்கொண்டிருந்த அக்காவின் முகத்தில் ஒரு கறுப்பு நிழல்கூட விழவில்லை. மந்தாரத்தை வானமாகப் பார்த்தால் நஷ்டம், விளக்காகப் பார்த்தால் லாபம்.

ஜூலை 25

கல்யாண வீட்டார் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். 22ஆம் தேதி அதே வயலில், அதே காலையில் எடுத்த ஜோடிப் படத்துக்கு ‘ரோஸ் கலர் வானம்’ வேண்டுமாம். இப்போது மென்பொருளே வானத்தை வெட்டி வேறு வானம் ஒட்டுகிறது. இரண்டு நிமிடம். செய்து கொடுத்தேன், காசு கொடுப்பவர் கேட்கிறார்.

இது புதுசும் இல்லை. 1850களில் பிரான்ஸில் குஸ்தாவ் லெ கிரே கடற்காட்சிகளை இரண்டு நெகட்டிவ் சேர்த்து அச்சிட்டிருக்கிறார், வானத்துக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று. அன்றைய கொலோடியன் தகடு நீல ஒளியில் சீக்கிரம் எரிந்துவிடும். கடல் பதிவதற்குள் வானம் வெளுத்துவிடும். ஆனால் அந்த இரண்டையும் வெயிலில் நின்று எடுத்தவர் அவர். நான் ஒட்டியது எந்த ஊர் வானமோ.

மாலை டீக்கடையில் அண்ணாச்சி. போனில் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தார்.

“நம்ம வயலாட்டம் இருக்கு. ஆனா பூ மேல காலம்பற வெயிலு, மலைக்கு அந்தால சாயங்காலமா?”

கல்யாண வீட்டாரில் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை.

ஜூலை 28

ஒன்பது மணியிலிருந்து காத்திருப்பு. இங்கே மேகம் மலையுச்சியில் அசையாமல் உட்கார்ந்திருப்பதுபோல் தெரியும். உண்மையில் காற்று ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. கேரளப் பக்கம் ஏறும்போது குளிர்ந்து மேகமாகிறது. நம் பக்கம் இறங்கும்போது சூடேறிக் கரைகிறது. குற்றாலத்தில் சாரல் நனைக்கும்போது சில மைல் கிழக்கே இந்த வயலில் வெயில் அடிப்பது அதனால்தான். கரையாமல் தப்பித்த சில துண்டுகள் மட்டும் நம் தலைக்கு மேல் மிதந்து வரும், தரையில் நிழலை இழுத்துக்கொண்டு.

நான் காத்திருந்தது அந்த நிழலுக்கு. மேக நிழல் மலைமேல் விழுந்து, வயலில் வெயில் இருக்க வேண்டும். பெரும்பாலும் தலைகீழாகவே நடந்தது: மலை பளிச்சென்று, என் பூவெல்லாம் இருட்டில். இரண்டு முறை எல்லாமே இருட்டு. அண்ணாச்சி மோட்டார் போட வந்தவர், நான் ஒன்றும் எடுக்காமல் நிற்பதைப் பார்த்து, “கேமரா கெட்டுப்போச்சா?” என்றார்.

பத்தேகாலுக்கு மலை திடீரென்று ஊமத்தங்காய்ப் பச்சைக்கு இறங்கிக் கறுத்தது. அதன் முதுகில் மேகத்தின் வெள்ளை விளிம்பு, முன்னால் வெயிலில் மஞ்சள். அரை நிமிடம் இருந்திருக்குமா? பதினோரு படம். நாலாவதில்தான் பூ ஆடாமல் நின்றது, மின்னும் எச்சரிக்கையும் இல்லை.

திரையில் பெரிதாக்கி அண்ணாச்சியிடம் நீட்டினேன். கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கினார். பூவைப் பார்க்கவில்லை, ஓர வரிசையில் சாய்ந்து கிடந்த செடிகளைத்தான் எண்ணினார். பிறகு, “இது நம்ம வானம்” என்றார். “வீட்டுத் திண்ணைல மாட்டணும். ஒண்ணு கழுவிக் குடுங்க தம்பி.”