தரங்கம்பாடியும் மாராங்குவும்

மோஷி, தான்சானியா.



கிளிமஞ்சாரோவின் தென்சரிவில், வாழைத்தோப்புகளின் நிழலில் காப்பி விளையும் சாகா மக்களின் கிராமங்களில், கம்பளிச் சட்டையணிந்த பிள்ளைகள் ஒரு கையில் புத்தகமும் மறு கையில் பள்ளி முற்றம் பெருக்கத் துடைப்பமுமாக மேட்டுப்பாதையில் ஏறிச் செல்வதைக் காணும்போதெல்லாம், இவர்களுடைய பாட்டன்மாருக்கு எழுத்தறிவித்த ஸ்தாபனமும் நம் தரங்கம்பாடிச் சீமையில் பள்ளிகள் நடத்திய ஸ்தாபனமும் ஒன்றே என்பது நம்மவருள் எத்தனை பேருக்குத் தெரியும் என்று எண்ணிக்கொள்வேன்.

அது லைப்சிக் லுத்தரன் மிஷன். அந்நாளில் இந்நாட்டை ஆண்ட ஜெர்மானிய அதிகாரிகளோடு பிணக்குற்று ஆங்கிலேயப் பாதிரிமார் 1892இல் மோஷியை விட்டகன்றபின், மறு வருஷமே இந்த மிஷனார் இம்மலைச்சரிவிலுள்ள மச்சாமேயில் வந்து இறங்கினார்கள். 1896இல் மேரு மலையடியில் இவர்களில் இருவர் கொலையுண்டும் காரியம் நிற்கவில்லை. 1902இல் மோஷியில் தொடங்கிய ஆசிரியப் பயிற்சிப் பள்ளி, 1912இல் அதே சரிவிலுள்ள மாராங்குவுக்குப் பெயர்ந்தது.

திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்த கார்ல் கிரவுல் இந்த மிஷனின் தலைவராக இருந்தவர். ஒரு ஜனசமூகத்தின் பாஷையையும் சம்பிரதாயங்களையும் வேரோடு பிடுங்காமலே வேதத்தைப் போதிக்கவேண்டும் என்பது அவர் சித்தாந்தம். உன்னதமான கொள்கைதான், ஆனால் தமிழ்நாட்டிலே அது ஜாதியையும் லௌகிக வழக்கமென்று பொறுத்துக்கொண்டு, மற்ற மிஷன்களின் கண்டனத்துக்கு ஆளாயிற்று. அதே மரபில் வந்து, 1902 முதல், இடையில் சில வருஷங்கள் நீங்கலாக, 1938 வரை இங்கே உழைத்த புரூனோ குட்மன், சாகா மக்களின் குலம், அண்டைவீடு, சமவயதுக் கூட்டு என்னும் பந்தங்களையே சபைக்கு அஸ்திவாரமாக்கி, திடப்படுத்தல் என்னும் சபைச் சடங்குக்குப் படிக்கும் பிள்ளைகளை இருவர் இருவராகச் சேர்த்து, ஒருவருக்கொருவர் பொறுப்பாளியாக்கினார். நம்மூரில் பந்தியைப் பிரிக்கத் துணைபோன சித்தாந்தம் இங்கே இரண்டு பையன்களைத் தோளோடு தோள் சேர்த்தது என்றால், கொள்கையை மட்டும் புகழ்ந்து பயனில்லை என்பது என் அபிப்பிராயம்.

முதல் மகாயுத்தத்துக்குப்பின் 1920இல் ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டபோது, தங்களின்றி ஒன்றும் நடவாதென்று பாதிரிமார் நினைத்திருக்க, பள்ளிகளையும் சபைகளையும் கலையாமல் காத்தவர்கள் உள்ளூர் ஆசிரியர்களே. மாராங்குவில் பயின்று ஆசிரியராயிருந்த ஸ்டெஃபானோ மோஷி பிற்காலத்தில் வட தங்கனீக்காத் திருச்சபையின் முதல் ஆப்பிரிக்கப் பேராயரானார். சுதந்திரத்துக்குப்பின், 1969ஆம் வருஷத்துக் கல்விச் சட்டத்தையொட்டி, மிஷன் பள்ளிகளை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. இன்று அரசாங்க ஆரம்பப் பள்ளியில் போதனை சுவாஹிலியில். உயர்நிலைப் பள்ளியிலோ இங்கிலீஷ். குட்மன் அரும்பாடுபட்டு நூலேற்றிய சாகா பாஷைக்கு வகுப்பறையில் இடமில்லை.

இதைப் பற்றி ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் நான் விசாரப்பட்டபோது, அவர் சிரித்தார். "எங்கள் தாத்தா எழுத்துப் படித்தது பழைய வழக்கத்தைக் காப்பாற்றவா? காப்பி மூட்டையை நிறுத்தவன் சீட்டில் என்ன எடை எழுதினான் என்று பார்க்கத்தான், ஐயா!"