ஏலாக்குறிச்சியில் ஒரு பகல்

திருயாத்திரை என்று சொல்லிப் புறப்பட்டு, திரும்பும்போது களைப்பைத் தவிர வேறொன்றையும் கொண்டுவராத அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. எங்களுக்கும் உண்டு. சென்ற ஆண்டு எங்கள் பங்கிலிருந்து ஏழு குடும்பங்களைச் சேர்ந்த 22 பேர் ஒரு வேனை அமர்த்திக்கொண்டு ஒரே நாளில் ஐந்து இடங்களைப் பார்த்துவிட்டு வந்தோம். விடியுமுன் கிளம்பி, சாத்தனூர்க் கல்மரத்தைக் கண்டோம். 18 மீட்டர் நீளத்தில், ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளாக அசையாமல் கிடக்கும் அந்த மரத்தின் முன் நாங்கள் நின்றது பத்து நிமிடம். அடுத்து கங்கைகொண்ட சோழபுரம். பின்னர் ஏலாக்குறிச்சியில் மதிய உணவு. அங்கிருந்து கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம். மத்திய ஆசியாவிலிருந்து பட்டைத்தலை வாத்துகள் பறந்து வந்து மாதக்கணக்கில் இளைப்பாறும் ஏரி அது. நாங்களோ ஓட்டுநர் ஒலிப்பான் அடித்ததும் ஓடிவந்து ஏறிக்கொண்டோம். இறுதியாகப் பூண்டி மாதா கோயிலை அடைந்தபோது பிள்ளைகள் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். பெரியவர்களில் சிலரும் இறங்கவில்லை.

இவ்வாண்டு யாத்திரையைப் பற்றிப் பேச ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின் கூடினோம். ஆண்கள் வழக்கம்போல் இடங்களின் பட்டியலைத் தொடங்கினார்கள். அப்போது அண்மையில் திருமணமாகி எங்கள் பங்கிற்கு வந்த மருமகள் ஒருவர், "வீட்டில் எரிவாயு அடுப்பு, ஏலாக்குறிச்சியில் மூன்று கல் அடுப்பு. எங்களுக்கு இடம்தான் மாறியது, வேலை மாறவில்லை. மாதா முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை" என்றார். கூட்டத்தில் சற்று நேரம் பேச்சில்லை. அவருடைய மாமியார், நாங்கள் எல்லாரும் பெரியம்மா என்று அழைப்பவர், மருமகளை அதட்டும் குரலில், "ஒரு நாள் பொங்கிப் போட்டால் கை தேய்ந்தா போய்விடும்?" என்றார். உண்மையில் அன்று அதிகமாகப் பொங்கிப் போட்டவர் அவர்தாம். 22 பேர் உண்ட பாத்திரங்களைக் குழாயடியில் குந்தியமர்ந்து துலக்கியவரும் அவரே. நாங்கள் ஆலயத்தைச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். இதை எழுதும்போது வெட்கமாகவே இருக்கிறது.

பங்குத்தந்தை அந்தப் பட்டியலை வாங்கி நான்கு இடங்களை அடித்துவிட்டார். ஒரே இடம், ஒரே பகல். சமையல் கிடையாது, கட்டுச்சோறு போதும், அதையும் ஆண்கள் கட்ட வேண்டும். கைபேசிகள் ஒரு பைக்குள். ஆண்டுதோறும் தவக்காலத்தில் மூன்று நாள் தியானம் வைத்தாலும் மாலையில் வந்து பிரசங்கம் கேட்டுவிட்டு, இடையிடையே மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்வருகிறோம் அல்லவா? "ஒரு பகலாவது முழுதாக ஒதுங்கிப் பாருங்கள்" என்றார். ஒதுங்குவதற்கு ஏலாக்குறிச்சியை அவர் தேர்ந்ததற்குக் காரணம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறோம்.

தவக்காலத்தின் முதல் சனிக்கிழமை புறப்பட்டோம். பெரம்பலூரைத் தாண்டினால் கரிசல். மக்காச்சோளம் அறுத்த கொல்லைகளில் காய்ந்த தட்டைகள் நின்றன; சில இடங்களில் பருத்தி வெடித்துக் கிடந்தது. அரியலூரை நெருங்க நெருங்க மண்ணின் நிறம் மாறுகிறது. சாலையோரத்துச் செடிகளின் நிறமும் மாறுகிறது. செடிகள் மாறுவது சிமெண்டு ஆலைகளின் தூசியால். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இவ்விடமெல்லாம் கடலாயிருந்தது என்பதும், அக்கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள் படிந்து இறுகியே இந்தச் சுண்ணாம்புக்கல் உண்டாயிற்று என்பதும் அறிஞர் கூற்று. சுருண்ட நத்தைபோன்ற கல்லோடுகளை இன்றும் இங்குள்ள சுரங்கங்களில் எடுக்கிறார்கள். கடல் தன் வேலையை எவ்வளவு மெதுவாகச் செய்தது! அதை வெட்டி ஏற்றிச் செல்லும் லாரிகளுக்குத்தான் ஒரு நிமிடமும் பொறுமையில்லை. எங்கள் வேன் இரண்டு முறை மண்ணில் இறங்கி வழிவிட்டது.

திருச்சி மாவட்டத்தின் மூலைகளாயிருந்த இவ்வூர்கள் 1995இல் பெரம்பலூர் மாவட்டமாகவும், 2007இல் அரியலூர் தனி மாவட்டமாகவும் பிரிந்தன. மறைமாவட்டக் கணக்கில் இரண்டும் கும்பகோணத்தின் பிள்ளைகளே. பழுவேட்டரையர் ஆண்ட கீழப்பழுவூரைக் கடந்து, திருமானூர்ச் சாலையில் சென்று பிரிந்தால் காட்சி முற்றிலும் மாறிவிடும். கொள்ளிடத்தின் வடகரைப் பகுதி. சம்பா அறுத்த வயல்கள், தென்னை, கொக்குகள். ஒன்பது மணிக்குள் ஏலாக்குறிச்சி வந்துவிட்டோம்.

ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டி அடைக்கல மாதாவுக்கு உரியதாக்கியவர் வீரமாமுனிவர் என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். ஆனால் அவரைச் சென்னைக் கடற்கரையில் 1968இல் நிறுவிய சிலையாகவும், பள்ளிப் பாடத்தில் ஐந்து மதிப்பெண் வினாவாகவுமே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். அவருடைய வயதை யாராவது கணக்கிட்டுப் பார்த்ததுண்டா? இத்தாலி நாட்டின் காஸ்திலியோனே நகரில் 1680இல் பிறந்தவர். தமிழ் மண்ணை அவர் மிதித்தது 1711இல். அப்போது வயது முப்பது. நம்மில் முப்பது வயதானவர்கள் இனிப் புதிதாக எதையும் கற்பதற்கில்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். அவரோ அந்த வயதில் அகரம் தொடங்கி, 45 வயதிற்குள் 3615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியை முடித்தார். அடுத்து தொன்னூல் விளக்கம், சதுரகராதி. இவ்வளவையும் வேறு வேலையில்லாமல் அறைக்குள் அமர்ந்து எழுதவில்லை. ஊர் ஊராகச் சென்று திருப்பலி, பாவசங்கீர்த்தனம், வழக்கு, பஞ்சாயத்து, சில வேளைகளில் துன்புறுத்தல். இதற்கிடையில் எழுத நேரம் எங்கிருந்து வந்தது?

பங்குத்தந்தை சொன்ன விடை இது. முனிவர் சேசு சபைத் துறவி. அச்சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் 1522இல் மன்ரேசா என்னும் ஊரில் பல மாதங்கள் தனித்திருந்து தம் உள்ளத்தை ஆராய்ந்தவர்; அந்த அனுபவத்திலிருந்தே ஞானப் பயிற்சிகள் என்னும் சிறு நூல் உருவாயிற்று. அவருடைய சபையினர் ஆண்டுக்கு எட்டு நாள் எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு ஒடுங்கியிருப்பார்கள்; நாள்தோறும் இருமுறை, சில நிமிடங்கள், கடந்துபோன மணிகளைத் திரும்பிப் பார்ப்பார்கள். வேலை முடிந்த பிறகு மிஞ்சும் நேரத்தில் அன்று. மிஞ்சும் நேரம் என்று ஒன்று எவருக்கும் கிடைப்பதில்லை. நேரத்தை முதலில் எடுத்துத் தனியே வைத்துவிட்டு, மற்றதை வேலைக்குக் கொடுப்பார்கள். அறுவடைக் களத்தில் விதைநெல்லை முதலில் அளந்து வைப்பதில்லையா?

துறவிகளுக்குச் சரி, குடும்பஸ்தர்களுக்கு? இங்கேதான் ஏலாக்குறிச்சியைத் தேர்ந்த காரணம் வருகிறது. மதுரை மிஷன் காலத்தில் குருக்கள் சிலர், கிராமங்களோ நூற்றுக்கணக்கில். சபைகளைத் தாங்கி நின்றவர்கள் உபதேசியார்கள். மனைவி மக்களோடு வாழ்ந்த சாமானியர்கள் அவர்கள். செபம் சொல்லிக்கொடுப்பது, சாகக் கிடப்போருக்குத் திருமுழுக்குக் கொடுப்பது, சண்டை தீர்ப்பது என்று நடந்தே தேய்ந்தவர்கள். அவர்களை இதே ஏலாக்குறிச்சிக்கு வரவழைத்து, இஞ்ஞாசியாரின் முறையில் ஞான ஒடுக்கம் கொடுத்தார்கள். அவர்களுக்காகவே முனிவர் வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூலை எழுதினார். எத்தனையோ கல் தொலைவு நடந்து வந்தவர்கள், இங்கே வந்து வேறொரு வேலையை ஏற்றுக்கொள்ளவில்லை, அமர்ந்தார்கள். நாங்கள் நின்ற அதே மண்ணில். இது எங்களில் ஒருவருக்கும் அதுவரை தெரியாது. மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டிய இடம் என்பதே எங்களுக்குத் தெரிந்த ஏலாக்குறிச்சி.

திருப்பலிக்குப் பின், இத்தலத்தில் தலைமுறைகளாகச் சொல்லிவரும் நிகழ்ச்சியையும் பங்குத்தந்தை எடுத்துரைத்தார். அரியலூரை ஆண்ட அரங்கப்ப மழவராயருக்கு முதுகில் ராஜபிளவை கண்டது. எந்த வைத்தியத்துக்கும் ஆறவில்லை. முனிவர் அடைக்கல அன்னையை வேண்டி மருந்திட்டார். பச்சிலை என்பார் சிலர், தலத்து நீரும் மண்ணும் என்பார் சிலர். புண் ஆறியது, நன்றிக் கடனாக அரசர் கோயிலுக்கு நிலம் அளித்தார். ராஜபிளவை என்பது பெரும்பாலும் சர்க்கரை நோயாளிகளுக்கு வரும் கொடிய கட்டி என்று இன்றைய மருத்துவர்கள் சொல்கிறார்கள். "அரசருக்குப் புண் என்றால் நாடே பார்த்தது, நம் வீட்டில் யாருக்குப் புண் என்று யார் பார்க்கிறோம்?" என்று கேட்டுவிட்டு அவர் நிறுத்திக்கொண்டார். விளக்கவில்லை.

பின்னர் ஒரு மணி நேரம் மௌனம். ஆலயத்திலோ மரத்தடியிலோ அவரவர் தனித்தனியே அமர வேண்டும். முதலில் நேற்று விடிந்ததிலிருந்து கிடைத்தவற்றுக்கு நன்றி, பின் தெளிவுக்காக ஒரு வேண்டுதல், அதன்பின் மணி மணியாக அந்த நாளைத் திரும்பிப் பார்த்தல், தவறியதற்கு மன்னிப்பு, நாளைக்கு ஒரே ஒரு தீர்மானம். இஞ்ஞாசியார் வகுத்த ஆன்ம சோதனை இவ்வளவுதான்.

கேட்க எளிது. முதல் பத்து நிமிடம் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. கை தானாகவே சட்டைப் பையைத் தடவுகிறது, கைபேசி இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மூன்று முறை எழுந்து கடிகாரம் பார்த்தார். வேறொருவர் தூணில் சாய்ந்து நன்றாகக் குறட்டை விடத் தொடங்கினார். இளைஞர்கள் சிரித்தார்கள். பிற்பாடு பங்குத்தந்தை, எலியா இறைவாக்கினர் சாகத் துணிந்து சூரைச்செடியின் கீழ்க் கிடந்தபோது வானதூதர் அவருக்குப் போதனை எதுவும் செய்யவில்லை, உறங்கவிட்டு இரண்டு முறை உணவு கொடுத்தார் என்பதை நினைவூட்டினார். குறட்டை விட்டவர் இரவு முழுதும் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்தவர்.

பெரியம்மா ஆலயத்தின் பக்கச் சுவரில் சாய்ந்து, கால்களை நீட்டி, செபமாலையோடு கண்மூடி அமர்ந்திருந்தார். எதிரே சற்றுத் தள்ளி மருமகள். வேலையில்லை, பேச்சில்லை, பார்வைக்கும் அவசரமில்லை. மாமியாரின் வலது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, துணிக்கட்டு நழுவிக் கிடந்ததை அவர் கண்டார். கருத்த விளிம்புடன் புண். அதைச் சுற்றி வீக்கம். ஒரே வீட்டில் ஓராண்டாக இருக்கிறார்கள். இருவரும் ஒருநாளும் எதிரெதிரே சும்மா உட்கார்ந்ததில்லை. மௌனம் கலைக்கக் கூடாது என்ற விதியை மருமகள் மீறவில்லை. எழுந்து சென்று அந்தக் காலின் அருகில் அமர்ந்துகொண்டார். பெரியம்மா கண் திறந்து, சேலையை இழுத்துக் காலை மூடப் பார்த்தார். மருமகள் விடவில்லை.

மணி முடிந்ததும் விவரம் வெளிவந்தது. பருத்திக் கொல்லையில் முள் குத்தி மூன்று வாரமாயிற்று. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை உண்டு. மாத்திரை நினைத்தால் போடுவார். "வலியே இல்லை, அதனால் சும்மா விட்டேன். அறுவடை நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு யார் அலைவது?" என்றார். வலி இல்லாததே ஆபத்து என்பதைப் பிறகு மருத்துவர் விளக்கினார்: நெடுநாள் சர்க்கரை நரம்புகளை மரத்துப்போகச் செய்துவிடும், புண் உள்ளே ஓடினாலும் தெரியாது, காலையே எடுக்கும்படி ஆகிவிடும்.

கட்டுச்சோற்றை அவிழ்த்தோம். புளிச்சோற்றில் உப்பு தூக்கல். ஒருவரும் குறை சொல்லவில்லை. பெரியம்மா பரிமாற எழுந்தார். அவருடைய மூத்த மகன், "அம்மா, உட்காருங்கள்" என்றார். அந்த இரண்டு சொற்களை அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்டது அதுவே முதல் தடவை. மாலை வரை இருப்பதாகத் திட்டம். பங்குத்தந்தையே அதை மாற்றினார். தம் சீடர்களை ஓய்வெடுக்கத் தனியிடத்துக்கு அழைத்துச் சென்ற ஆண்டவர், அங்கே மக்கள் கூட்டத்தைக் கண்டதும் திட்டத்தை மாற்றிக்கொண்டதை மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் படிக்கிறோம் அல்லவா?

திரும்பும் வழியில் அரியலூர் அரசு மருத்துவமனை வாசலில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். புண்ணைச் சுத்தம் செய்து கட்டினார்கள். எலும்பை எட்டவில்லை, தப்பியது கால். இன்னும் சில நாள் போயிருந்தால் என்று மருத்துவர் தொடங்கி, பெரியம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். மூன்று வாரம் அந்தக் காலை ஊன்றி நடக்கக் கூடாது. நாள்தோறும் இரவில் உள்ளங்கால்களைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும் என்பது கட்டளை. "சாமியார் ஆன்ம சோதனை என்கிறார், டாக்டர் பாத சோதனை என்கிறார், இனி எனக்குப் பொங்க நேரமேது!" என்று வேனில் பெரியம்மா சொன்னபோதுதான் எல்லாருக்கும் சிரிப்பு வந்தது.

அந்த மூன்று வாரத்தில் இரண்டு வாரம் முடிந்துவிட்டது. சென்ற ஞாயிறு அவரைப் பார்க்கச் சென்றோம். திண்ணையில் காலை நீட்டி அமர்ந்து, மருமகளிடம் எழுத்துக்கூட்டிச் செய்தித்தாள் படிக்கப் பழகிக்கொண்டிருந்தார். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவராம், 61 வயதாகிறது. உள்ளே மூத்த மகன் ரசம் வைத்துக்கொண்டிருந்தார். பெருங்காயம் எங்கே இருக்கிறது என்று மூன்று முறை கேட்டார். திண்ணையிலிருந்து எவரும் எழுந்து போகவில்லை.