கைப்பிடியும் வைத்தியம்தான்!

ஒர்க்‌ஷாப்பில் ரம்பம் பிடிக்கும்போது, "இதெல்லாம் யாருக்குடா உதவும்?" என்று சலிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வருமானம் குறைந்த முதியவர்கள், பெரும்பாலும் கறுப்பினப் பாட்டிமார், குளிக்கவும் படியேறவும் திண்டாடினார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் சாரா சான்டன் குழு வீடு தேடிப் போனது. நர்ஸ், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், கூடவே ஒரு ரிப்பேர் தொழிலாளி! "நீங்க என்ன செய்ய ஆசைப்படுறீங்க?" என்றுதான் முதல் கேள்வி. அதன் பிறகே படியோரக் கைப்பிடி, தரை ரிப்பேர் எல்லாம்.

2019-ல் வெளியான 300 பேர் ஆய்வில், இந்த உதவி கிடைக்காதவர்களைவிட இவர்களின் அன்றாடச் சிரமம் ஐந்தே மாதத்தில் சுமார் 30 சதவீதம் குறைந்திருந்தது.

டாக்டர் பட்டக்காரரோடு சரிசமமா ஸ்க்ரூடிரைவர் பிடித்தவரும் நின்றார். எனக்கு அதில்தான் பெருமை. ரம்பத்தை இனி மரியாதையா பிடிப்போம்!