வீட்டுச் சாவி யார் கையில்?

உங்கள் வீட்டு இணையப் பெட்டியின் கடவுச்சொல் உங்களுக்குத் தெரியுமா? "மகனுக்குத் தெரியும்", "வந்து பொருத்தியவருக்குத் தெரியும்" என்றுதான் பலரும் சொல்வீர்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான்.

முப்பது ஆண்டுகள் பேராக்கில் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவினேன். இப்போது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமானில் குடியிருக்கிறோம். மகள் சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். அவள் முகத்தைத் தினமும் பார்க்கத்தான் வீட்டில் வைஃபை போட்டோம்.

ஒருநாள் என் மனைவி கைப்பேசியில் சமையல் குறிப்பு பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, உங்கள் எண்ணைப் போடுங்கள்" என்று ஒரு விளம்பரம் குறுக்கே வந்து நின்றது. அவளும் நம்பிப் போட்டுவிட்டாள். அன்று முதல் கைப்பேசிக் காசு வாராவாரம் ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி என்று கரைந்தது. தொலைபேசி நிறுவனத்துக்குப் பேசிய பிறகுதான் அது ஏதோ ஒரு சந்தா என்று தெரிந்தது. நிறுத்தச் சொன்னோம், நிறுத்தினார்கள். ஆனால் மனைவியோ, "படிக்காதவளுக்கு இது எதற்கு?" என்று கைப்பேசியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். காசு போனதுகூடப் பெரிதல்ல. தாயும் மகளும் பேசுவது நின்றுபோனதே, அதுதான் என்னை வாட்டியது.

விளம்பரங்களைத் தடுக்க வழியுண்டு என்று கேள்விப்பட்டேன். பெட்டியைப் பொருத்தியவரைத் தேடினால், அவர் எண் புழக்கத்திலேயே இல்லை. கடவுச்சொல்லும் அவரோடு போய்விட்டது. அடுத்த வரிசையில், என்னோடு மரம் சீவிய நண்பரின் பேரன் இருக்கிறான், கணினி படிப்பவன். ஆனால் இந்த வயதில் ஒரு பையனிடம் போய் நிற்பதா என்று கூச்சப்பட்டே இரண்டு வாரத்தைக் கழித்தேன்.

கடைசியில் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்தான். "நீயே செஞ்சிடு தம்பி" என்றேன். "வேணாம் தாத்தா. நான் பக்கத்துல உட்கார்ந்து சொல்றேன், நீங்களே செய்ங்க. நானே செஞ்சிட்டுப் போனா, நாளைக்கு மறுபடியும் என்னைத்தானே தேடுவீங்க?" என்றான்.

எனக்குச் சுரீரென்றது. எனக்கு மரம் சீவக் கற்றுக் கொடுத்தவரும் கத்தியை என் கையில் கொடுத்துத்தானே சொல்லிக் கொடுத்தார்!

பெட்டியின் பின்னால் ஊசித் துளை போல ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திப் பிடித்தால் பழைய கடவுச்சொல் அழியும். ஆனால் இணைப்புக் கணக்கும் சேர்ந்து அழிந்துவிடலாம். ஆகவே முதலில் இணைய நிறுவனத்திடம் கணக்கு விவரத்தைக் கேட்டு எழுதிக்கொண்டோம். பிறகு பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த கடவுச்சொல்லைக் கொண்டு உள்ளே போனோம். பூட்டு இரண்டு: ஒன்று வைஃபைக்கு, மற்றொன்று பெட்டியின் அமைப்புகளுக்கு. இரண்டையும் மாற்றினேன்.

அடுத்தது விளம்பரம். நாம் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, அதன் பெயரைச் சொல்லி முகவரியை விசாரிக்கிற இடத்துக்கு டிஎன்எஸ் என்று பெயராம். அந்த இடத்தில் ஆட்கார்ட் என்ற நிறுவனத்தின் இலவச எண்களை, 94.140.14.14, 94.140.15.15 என்று போட்டேன். விளம்பரக்காரர்களின் முகவரியைக் கேட்டால் அது கொடுக்காது. தோட்டத்து வாசலில் ஜாகா நிற்பது போலத்தான். ஒருமுறை போட்டால் வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிக்கும் காவல்.

இந்த ஜாகாவும் எல்லாவற்றையும் தடுத்துவிட மாட்டார். யூடியூப் விளம்பரம் படம் வருகிற வழியிலேயே வருவதால் நிற்காது. வெளியே போய்க் கைப்பேசியின் சொந்த இணையத்தைப் பயன்படுத்தினால் இந்தக் காவல் கிடையாது. ஆகவே எண்ணைக் கேட்டாலும் வங்கி விவரம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஏமாந்து வங்கிப் பணம் போய்விட்டால், உடனே உங்கள் வங்கிக்கும், 2022 முதல் இயங்கும் தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 எண்ணுக்கும் பேசுங்கள்.

எல்லாவற்றையும் 555 புத்தகத்தில் எழுதி வைத்தேன். ஒருகாலத்தில் ஒட்டுக்கடைக் கடன் எழுதிய அதே மாதிரிப் புத்தகம்! பையன் காசு வாங்க மறுத்துவிட்டான். மனைவி சுட்ட வடையைத்தான் வாங்கிக்கொண்டான். அவன் போன பிறகு அவள் அலமாரியைத் திறந்தாள். அன்றிரவு மகளோடு ஒரு மணி நேரம் பேசினாள்.

அன்பர்களே, தெரியாததைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஆனால் உதவ வருகிறவரிடம், "எனக்கும் சொல்லிக் கொடுங்கள், எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். படித்த பிள்ளைகளே, நீங்களும் செய்து முடித்துவிட்டு எழுந்து போகாதீர்கள். தாத்தா பாட்டியின் கையைப் பிடித்துச் செய்ய வையுங்கள். வீடு நம்முடையது, சாவியும் நம் கையில் இருக்கட்டும்.