உதைக்காத துப்பாக்கி

அமெரிக்காவின் கௌபாய் துப்பாக்கி விளையாட்டைப் பற்றி வாசித்துக்கொண்டிருக்கிறேன் என்றால் ஆய்வறை நண்பர்கள் சிரிக்கிறார்கள். கடந்த காலத்தை மீண்டும் நடித்துக் காட்டும் வழக்கங்களே என் ஆய்வுப்பொருள். அவற்றுள் இவ்விளையாட்டு என்னை ஈர்த்ததற்குக் காரணம் உண்டு. அசலிலிருந்து எவ்வளவு தொலைவு விலகலாம் என்பதை அது எண்ணாகவே விதிநூலில் எழுதிவைத்திருக்கிறது.

1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் உருவான விளையாட்டு இது. இதை நெறிப்படுத்தும் சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி 1987இல் அமைந்தது. துப்பாக்கி 19ஆம் நூற்றாண்டினதாகவோ அதன் படியாகவோ இருக்கவேண்டும். உடையும் அக்காலத்ததாக வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு புனைபெயர் வேண்டும். இத்தனை கண்டிப்புக்கும் நடுவே வெற்றியைத் தீர்மானிப்பது கடிகாரம். எஃகு இலக்குகளை விரைந்து சுட்டு முடிக்கவேண்டும். ஒரு குறி தவறினால் 5 நொடி கூடும்.

பழைய ரிவால்வரில் ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னிழுக்கவேண்டும். சுட்டவுடன் உதைப்பினால் குழல்வாய் எழும்பும். அது மீண்டும் குறிக்கு இறங்கும்வரை நேரம் வீணாகும். ஆகவே உதைப்பைக் குறைப்பதே வெல்லும் வழியாயிற்று. 1873ஆம் ஆண்டின் .45 கோல்ட் தோட்டாவில் ஏறத்தாழ 250 கிரெயின் எடையுள்ள ஈயக்குண்டு நொடிக்கு 850 அடி வேகத்தில் சென்றது எனக் கொள்வோம். இன்றைய போட்டியாளர் .38 ஸ்பெஷல் தோட்டாவில் 105 கிரெயின் குண்டை 650 அடி வேகத்தில் செலுத்தினால், உந்தம் மூன்றில் ஒரு பங்காகிறது. அதே எடையுள்ள துப்பாக்கியில் உதைப்பின் ஆற்றல் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கே.

இந்தக் குறைப்புக்கு விதி ஓர் எல்லை வகுக்கிறது. குண்டின் எடையை வேகத்தால் பெருக்கி 1000ஆல் வகுத்தால் 60க்குக் குறையக்கூடாது. வேகமும் 400 அடிக்குக் கீழே போகக்கூடாது. ரிவால்வருக்கு மேல்வரம்பு 1000 அடி. எஃகுத் தகட்டுக்கு அருகில் நின்று சுடுவதால் மேல்வரம்பின் தேவை எளிதில் விளங்குகிறது. கீழ்வரம்பை நான் வேறுவிதமாக வாசிக்கிறேன்: இதற்கும் கீழே போனால் நாம் சுடுவது பழைய துப்பாக்கியே அன்று என்று ஒரு சமூகம் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட இடம் அது.

இதை ஏமாற்று என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. 1875இன் ஸ்கோஃபீல்டு ரிவால்வருக்காக வந்த குட்டையான தோட்டா கோல்ட் ரிவால்வரிலும் பொருந்தியது; அதில் மருந்தும் குறைவு. வன்மையான தோட்டா மட்டுமே அசல் என்பது பிற்காலக் கற்பனை. மேலும், முதியவரும் சிறுவரும் மணிக்கட்டு வலியுள்ளவரும் ஒரே வரிசையில் நிற்க இடமளிப்பது இந்த மெல்லிய தோட்டாவே.

என்னை உறுத்துவது வேறொன்று. அதே கோல்ட் ரிவால்வர் லக்கோட்டா, செயேன் மக்கள்மீது அமெரிக்கப் படை நடத்திய போர்களில் குதிரைப்படையினரின் இடுப்பில் இருந்தது. முன்னே செல்லும் குண்டின் உந்தத்துக்கு ஈடானதே சுடுபவரின் கையைத் தாக்கும் உதைப்பு என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. அப்படியானால், எதிரே நின்றவர் உடலில் பாய்ந்த வன்மையைச் சுடுபவரின் உடல் அறிந்துகொள்ள இருந்த ஒரே சான்று அந்த உதைப்புத்தான். எதிரே மனிதருக்குப் பதில் தகடு நிற்கிறது. கையிலிருந்த சான்றும் மெலிந்துவிட்டது. தொப்பியும் காலணியும் மட்டும் துல்லியமாக எஞ்சுகின்றன.

நம்முடைய அருங்காட்சியகங்களும் வரலாற்றுத் திரைப்படங்களும் உடையையும் அணிகலனையும் சரிபார்க்கும் அக்கறையைப் பார்க்கும்போதெல்லாம் இந்த 60 என்ற எண் நினைவுக்கு வருகிறது. அவர்களாவது ஒரு கீழ்வரம்பை எழுதிவைத்தார்கள். நம் துறையில், ஒரு காலத்தின் வலியை எதுவரை குறைத்துக் காட்டலாம் என்பதற்கு அப்படி ஒரு வரம்பை யார் வகுப்பது? நண்பர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.