கரண்டியும் வளையலும்

சில ஆண்டுகளுக்கு முன், ஓசூர் சிப்காட் ஆலையொன்றில் பணிபுரியும் தொழிலாளி ஒருவர் தம் மகனை நம்மிடம் அழைத்து வந்தார். "சாமி, எந்நேரமும் படம் கிறுக்குகிறான், நீங்களே புத்தி சொல்லுங்கள்" என்றார். குறிப்பேட்டின் ஓரமெங்கும் முகங்கள். அவற்றுள் நம் முகமும் இருந்தது, மூக்கு மட்டும் சற்றே நீண்டு! சிரிப்பை அடக்கிக்கொண்டு, "படம் சோறு போடாது தம்பி, ஐ.டி.ஐ.யில் சேரப் பார்" என்றோம். அவ்வாறே சேர்ந்தான்.

அண்மையில், பான் நலின் இயக்கிய 'செல்லோ ஷோ' (2021) என்னும் குஜராத்தித் திரைப்படத்தைக் கண்டோம். இரயில் நிலையத்தில் தேநீர் விற்பவரின் ஒன்பது வயது மகன் சமய். தாய் கட்டித்தந்த உணவைத் திரையரங்கில் படம் ஓட்டுபவருக்குக் கொடுத்துவிட்டு, கருவியறையிலிருந்தே படம் பார்க்கிறான். படச்சுருள்களைத் திருடி, உடைந்த பொருள்களைக்கொண்டு நண்பர்களோடு தானே படம் காட்டுகிறான். அவன் குறும்புகளைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தோம்.

பின்னர் டிஜிட்டல் முறை வருகிறது. பழைய படக்கருவி ஆலையில் உருகிக் கரண்டிகளாகிறது, சுருள்கள் வளையல்களாகின்றன. நம் சிரிப்பு அங்கே நின்றது. கரண்டியும் உலகுக்கு வேண்டியதே. ஆயின் உருக்குமுன், அதனுள் ஒளி இருந்ததா என்று நாம் கேட்டோமா? மகனை அடித்த அத்தந்தையே இறுதியில் அவனைப் படிக்க இரயிலேற்றி அனுப்புகிறார்.

நம் தம்பி இன்று கடைசல் இயந்திரத்தின் முன் நிற்கிறான். சென்ற ஞாயிறன்று, "இப்போதும் வரைகிறாயா?" என்றோம்.

"எப்போதாவது, சாமி."

நம் முகத்தை மீண்டும் வரைந்து தரும்படி வேண்டினோம். அவன் நிமிர்ந்து, நம் மூக்கையே சற்று நேரம் உற்று நோக்கினான்.