ஒரு மில்லி

"முஸ்தபா கேம் ஞாபகம் இருக்காடா? அந்தப் பெட்டிய மேசை மேல வைக்கிற அளவுல ஒருத்தர் செய்றாரு, நம்ம ஊர்லயே" என்று பள்ளித் தோழன் சொன்ன மறுநாளே கிளம்பிவிட்டேன். 1993இல் கேப்காம் வெளியிட்ட அந்த வீடியோ ஆட்டத்தின் பெயர் 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்'. எங்களில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அதில் வரும் முஸ்தபாதான் எங்களுக்கு ஆட்டத்தின் பெயரும்.

கோவில்பட்டியில் ஒரு தகரக் கொட்டகை. வெளியே கரிசல் புழுதி, உள்ளே பிளைவுட் தூள். ஆசாரி அண்ணாச்சிக்கு ஐம்பதைத் தொடும் வயது. பழைய கம்ப்யூட்டர் திரை, உள்ளங்கையளவு ராஸ்பெர்ரி பை போர்டு, ஜாய்ஸ்டிக், பட்டன்கள், சுற்றிலும் பலகை. இவ்வளவுதான் பெட்டி. வயர் வேலை மகனுடையது. என் கண்ணெல்லாம் அண்ணாச்சியின் ஹோல் சா பிளேடு மேலேயே இருந்தது.

பட்டன் துளை முப்பது மில்லி. பலகையின் ஒரு பக்கம் துளைத்து, நடுவூசி மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்துகிறார். திருப்பிப் போட்டு அந்தப் பக்கமிருந்து முடிக்கிறார். ஒரே மூச்சில் துளைத்தால் அடிப்பக்கம் சிலும்பிவிடுமாம். "ஒரு மில்லி கூடுனாலும் பட்டன் ஆடும் சார். ஆடுற பட்டன்ல அடி விழாது."

துளைகளின் இடம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். பழைய பலகை ஒன்றை எடுத்துக் காட்டினார். அதன் மேல் சாக்பீஸால் வரைந்த சின்னச் சின்னக் கைகள். தெருப் பையன்களைக் கூப்பிட்டுக் கைவைக்கச் சொல்லி, விரல் நுனி விழுந்த இடத்தையெல்லாம் புள்ளி வைத்திருக்கிறார்.

அந்த வயதில் அவர் விரல் தீப்பெட்டி ஆபீஸில் இருந்தது. கட்டை அடுக்கும் வேலை. விடியுமுன் வண்டி வந்துவிடும். பூமணி 'கருவேலம்பூக்கள்' படத்தில் காட்டிய அதே பிள்ளைகளில் ஒருவர். சனிக்கிழமைக் கூலியில் அம்மா தரும் ஒரு ரூபாய் வீடியோ கேம் கடைக்குப் போகும். பிறகு ஆசாரியிடம் தொழில் பழகி, அதே கடைக்குப் பெட்டி அடித்துக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வீடு பிளேஸ்டேஷனும் கைக்குக் கை செல்போனும் வந்தபோது கடைகள் மூடின. அவர் கதவு, நிலைக்குத் திரும்பினார்.

இப்போது பெட்டிக்கு மறுபடி கிராக்கி. காசு அவர் கைக்கு வரவில்லை. வெளியூர்த் தரகர் வெறுங்கூட்டை நாலாயிரத்துக்கு எடுத்துப் போகிறார். ஆயிரக்கணக்கில் திருட்டு ஆட்டங்கள் ஏற்றிய சீன போர்டைச் சொருகி, மேலே தன் ஸ்டிக்கரை ஒட்டி, இருபதாயிரத்துக்கு விற்கிறார். அண்ணாச்சி அடியில் பேர் எழுதி அனுப்பிய பெட்டிகளில் அதைச் சுரண்டியும் விடுகிறார். எனக்கு வயிறு எரிந்தது. பருத்தியிலும் மிளகாயிலும் இந்தக் கரிசல் பார்த்த கொள்ளைதான் இது. விளைவித்தவனுக்குக் கூலி, மூட்டையைக் கைமாற்றியவனுக்கு வீடு. ஆட்டம் யாருடையதோ, பெட்டி யாருடையதோ, இரண்டுக்கும் உரியவர்களுக்குச் சேரவேண்டியது போவதில்லை. வாங்குகிறவர்கள் செய்தவரைத் தேடி வந்து வாங்கவேண்டும். ஒரு பேருந்து தூரம்தானே!

ஒரு பெட்டிக்கு முன்பணம் கொடுத்தேன். உங்கள் பேரையும் போடுங்கள் அண்ணாச்சி என்றேன். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, அடிப்பலகையைத் திருப்பி, 'கோவில்பட்டி' என்று மட்டும் எழுதினார்.